எரிபொருள் டேங்கில் குண்டு பாய்ந்தால் என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துக்கு 2020 ஜனவரியில் சுகோய்-30 படைப்பிரிவு வந்தது. அதிலிருந்து எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் போர் விமானம் என்பது தலைக்கு மேல் தினமும் கேட்கிற சத்தம். நான் இந்தப் பகுதியில் பொறியியல் மாணவர்களுக்குப் பாய்ம இயக்கவியல் சொல்லித் தருகிறேன். குழாயில் ஓடும் தண்ணீரைப் பற்றிப் பாடம் நடத்தினாலும் கடைசியில் பேச்சு விமானத்தில் போய் நிற்கும். வகுப்பில் கேட்டவை, ஊர்க்காரர்கள் கேட்டவை, பட்டறையில் நின்றபோது கேட்டவை எல்லாவற்றையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கணக்கு கொஞ்சம் வரும், பயப்பட வேண்டாம்.

டேங்கில் தோட்டா பட்டால் ஓட்டை விழும், எரிபொருள் ஒழுகும். இதில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது?

காலி டேங்காக இருந்தால் நீங்கள் சொல்வது ஏறக்குறைய சரி. ஒரு பக்கம் சின்ன ஓட்டை, எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை, அவ்வளவுதான். டேங்க் நிறைய திரவம் இருந்தால் கதையே வேறு. தோட்டா நுழைந்த இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை இருக்கும். ஆனால் எதிர்ச்சுவர் பூ விரிந்த மாதிரி வெளிப்பக்கமாகக் கிழிந்து கிடக்கும். பக்கச் சுவர்கள் உப்பியிருக்கும், ரிவெட் வரிசை பிரிந்திருக்கும், மூலைகள் வாய் பிளந்திருக்கும். தோட்டா தொடவே தொடாத இடங்கள் இவை.

உள்ளே இருந்த திரவம்தான் அந்த அடியை வாங்கி எல்லாச் சுவருக்கும் கொண்டு சேர்த்தது. இதற்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் பெயர் ஹைட்ரோடைனமிக் ராம். போர் விமானம் வடிவமைப்பவர்களுக்கு இது தலைவலி பிடித்த விஷயம். பயணிகள் விமானத்துக்கும் இது பொருந்தும் என்று 2000ஆம் ஆண்டில் உலகம் பார்த்துவிட்டது. அதைக் கீழே சொல்கிறேன்.

திரவம் மெத்தை மாதிரி அடியைத் தாங்கிக்கொள்ளாதா?

பெரும்பாலானவர்கள் இப்படித்தான் நினைக்கிறார்கள். தோட்டாவின் வேகத்தைத் திரவம் குறைப்பது உண்மை. குறைந்த அந்த ஆற்றல் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 10 கிராம் எடையுள்ள எஃகு உருண்டை நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் வருகிறது. அதன் இயக்க ஆற்றல் 4,050 ஜூல். விட்டம் 13 மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். காற்றில் 30 செ.மீ. தூரம் போனால் அந்த ஆற்றலில் ஒரு சதவீதம்கூடக் குறையாது. அதே 30 செ.மீ. தூரத்தைத் தண்ணீருக்குள் போனால் ஏறத்தாழ 70 சதவீதம் போய்விடும். விமான எரிபொருள் தண்ணீரைவிட லேசானது, லிட்டருக்குச் சுமார் 800 கிராம்தான். அதிலும் 60 சதவீதத்துக்கு மேல் போய்விடும். ஆக, 2,500 ஜூலுக்குக் குறையாத ஆற்றல் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் திரவத்துக்குள் இறங்குகிறது.

திரவம் அதை உள்ளேயே அடக்கி வைத்துக்கொள்ளாது. தண்ணீரை வெறும் ஒரு சதவீதம் சுருக்க வேண்டுமென்றாலே 200 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் தேவை. சுருங்க இடம் கொடுக்காத பொருள் தள்ளத்தான் செய்யும், தள்ளினால் சுவர்தான் நகர வேண்டும். 30 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம் உள்ள ஒரு தகட்டின் மேல் 10 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்) அழுத்தம் விழுந்தால் அது 9 டன் எடைக்குச் சமம். கண் இமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்குதான் அது நீடிக்கும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியத் தகடு கிழிய அதுவே போதும்.

உள்ளே நடப்பதை வரிசையாகச் சொல்ல முடியுமா?

நான்கு கட்டமாகப் பிரித்துச் சொல்வது வழக்கம். கட்டத்துக்குக் கட்டம் காலமும் குணமும் மாறும் என்பதால், எனக்கு இந்தத் தலைப்பில் மிகவும் பிடித்த பகுதி இது.

முதலாவது, அதிர்வலைக் கட்டம். தோட்டா சுவரைத் துளைத்துத் திரவத்தைத் தொட்ட அந்தக் கணம். தொட்ட இடத்துத் திரவத்துக்கு விலக நேரமே இல்லை. மிகப் பெரிய அழுத்தம் ஒன்று எழுந்து அரைக்கோள வடிவில் பரவுகிறது. தண்ணீரில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,480 மீட்டர், மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் சுமார் 1,300 மீட்டர். மேலே சொன்ன உருண்டையைவிட இது வேகம். ஆகவே தோட்டா வருவதற்கு முன்பே அதன் சேதி எதிர்ச்சுவருக்குப் போய்விடும். இந்த அலையின் உச்சம் பயங்கரமாக இருந்தாலும் ஆயுள் மைக்ரோநொடிக் கணக்குதான். போகப் போகச் சட்டென்று பலவீனமாகிவிடும். பெரிய டேங்கில் இது முக்கியமாக நுழைவாய்ச் சுவரைத்தான் பதம் பார்க்கும்.

இரண்டாவது, இழுவைக் கட்டம். தோட்டா திரவத்தை இருபுறமும் ஒதுக்கிக்கொண்டு முன்னேறுகிறது. அதன் முன்னால் ஓர் அழுத்தப் புலம் கூடவே போகிறது. முதல் கட்டத்தைவிட அழுத்தம் குறைவு, நேரம் அதிகம். சுவர்களை வளைக்க இந்த நேரம் உதவுகிறது. தோட்டா நேராகப் போகாமல் புரண்டுவிட்டால் திரவத்துக்கு அதன் முழு நீளமும் முகம் கொடுக்கும். இழுவை கூடும், கொட்டும் ஆற்றலும் கூடும்.

மூன்றாவது, குழிவுக் கட்டம். ஒதுக்கப்பட்ட திரவம் உடனே திரும்பி வராது, அதற்கு வெளிப்பக்கமாகப் போகும் உந்தம் இருக்கிறது. அதனால் தோட்டாவின் பின்னால் நீளமான ஒரு குகை உண்டாகிறது. அதற்குள் எரிபொருள் ஆவியும், ஓட்டை வழியாக உறிஞ்சப்பட்ட காற்றும் இருக்கும். இந்தக் குகை விரிய விரிய, அதன் கொள்ளளவுக்குச் சமமான திரவம் வேறு எங்காவது போயாக வேண்டும். நிரம்பிய டேங்கில் போக இடம் இல்லை, சுவர்தான் உப்ப வேண்டும். அதிவேகக் கேமராவில் எடுத்த படங்களைப் பார்த்தால் மனதில் நிற்பது இந்தக் காட்சிதான். கண்ணாடி போன்ற தெளிந்த தண்ணீரில் வெள்ளிக் கூம்பு ஒன்று விரிகிறது, நின்று யோசிப்பது போல் ஒரு கணம் தயங்குகிறது, பிறகு உள்ளே நொறுங்கி விழுகிறது. விழும்போது மறுபடி ஓர் அழுத்த அலை. மறுபடி விரியும், மறுபடி நொறுங்கும். மில்லிநொடிக் கணக்கில் நடக்கும் இந்த ஆட்டத்தில்தான் பல டேங்குகள் பிரிகின்றன.

நான்காவது, வெளியேறும் கட்டம். தோட்டா எதிர்ச்சுவரை அடையும்போது அந்தச் சுவர் ஏற்கெனவே திரவ அழுத்தத்தில் விறைத்து நிற்கிறது. விறைத்த தகட்டில் ஒரு கீறல் விழுந்தால் அது கீறலோடு நிற்காது, நாலாபக்கமும் ஓடும். வெளியேறும் பக்கம் எப்போதும் மோசமாக இருப்பது இதனால்தான். தோட்டா பாதி வழியிலேயே நின்றுவிட்டால் இந்தக் கட்டம் இல்லை. ஆனால் ஆற்றல் முழுவதும் திரவத்துக்கே போயிருக்கும், அதனால் அதையும் நல்ல செய்தி என்று சொல்ல முடியாது.

இதை நம்ம ஊரில் எங்காவது பார்க்க முடியுமா?

பம்ப்செட்டுக்குப் போங்கள். நீர்மூழ்கி மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், மேலே ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் நின்று பின்னால் திரும்பும். நான்-ரிட்டர்ன் வால்வு படாரென்று மூடும். "டொம்" என்று ஒரு சத்தம், குழாய் முழுக்க ஓர் உதறல். எல்போ ஜாயின்ட்டில் கசிவு ஆரம்பித்திருந்தால், பிளம்பர் அந்த உதறலைத்தான் கை காட்டுவார்.

ஓடும் திரவத்தைச் சட்டென நிறுத்தினாலும், நின்ற திரவத்தைச் சட்டென இடித்தாலும் எழுவது ஒரே வகை அழுத்தம். திரவத்தின் அடர்த்தியையும் அதில் அலை போகும் வேகத்தையும் திசைவேக மாற்றத்தையும் பெருக்கினால் அழுத்தம் வந்துவிடும். இரும்புக் குழாயில் அலையின் வேகம் நொடிக்குச் சுமார் 1,200 மீட்டர். நொடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் போன தண்ணீர் திடீரென நின்றால் 18 பார் எழும். பி.வி.சி. குழாய் கொஞ்சம் விரிந்து கொடுக்கும், அலையின் வேகம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகும், அழுத்தமும் அதே விகிதத்தில் குறையும். சுவர் விட்டுக் கொடுத்தால் அடி குறைகிறது. டேங்க் பாதுகாப்பில் இந்த விஷயம் திரும்ப வரும்.

இந்தக் கணக்கை நிலைநிறுத்தியவர்களில் முக்கியமானவர் நிக்கோலாய் ஜூக்கோவ்ஸ்கி. மாஸ்கோ குடிநீர்க் குழாய்களில் சோதனை செய்து 1898இல் வெளியிட்டார். ரஷ்ய விமானவியலின் தந்தை என்று சொல்லப்படுபவரும் அவரேதான். நம் தலைக்கு மேல் பறக்கும் சுகோய்க்கும் நம் ஆழ்துளைக் கிணற்றுக் குழாய்க்கும் ஒரே ஆள் பாட்டனாராக இருக்கிறார் என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

சினிமாவில் பெட்ரோல் டேங்கைச் சுட்டதும் கார் வெடித்துச் சிதறுகிறதே?

அது நடக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் எரிய ஆவியும் காற்றும் சரியான விகிதத்தில் கலக்க வேண்டும். காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை இருந்தால்தான் பிடிக்கும். மூடிய பெட்ரோல் டேங்கின் மேல்பகுதியில் சாதாரண வெப்பநிலையில் ஆவி அதைவிட அதிகமாக இருக்கும், காற்று பத்தாது. சாதாரண ஈயத் தோட்டா பெரிதாகத் தீப்பொறியும் கிளப்பாது. ஓட்டை விழும், பெட்ரோல் கொட்டும். கொட்டியது பக்கத்தில் ஏதாவது நெருப்பில் பட்டால் அப்புறம் ஆபத்து.

போர்க்களத்தில் அப்படி இல்லை. தீ மூட்டும் வேதிப்பொருள் வைத்த தோட்டாக்கள் உண்டு, வெடித்துச் சிதறும் சில்லுகள் உண்டு. சில்லு அலுமினியத்தைத் துளைக்கும்போது பளிச்சென்று ஒளி வரும். அந்த நேரத்தில் ஓட்டை வழியாக எரிபொருள் பொடித்துளியாகப் பீய்ச்சினால் தீ பிடிக்கும். குகை நொறுங்கும்போது எழும் அழுத்தம்தான் அப்படிப் பீய்ச்ச வைப்பதும்.

அப்படியானால் நிரம்பிய டேங்க் ஆபத்தா, பாதி டேங்க் ஆபத்தா?

இரண்டுக்கும் தனித்தனி ஆபத்து. நிரம்பியிருந்தால் சுவர் கிழிவது அதிகம், உள்ளே வெடிப்பது குறைவு. பாதி இருந்தால் மேலே இருக்கும் காலி இடம் திரவத்துக்கு ஏறிக்கொள்ள வழி கொடுக்கும். அழுத்தம் தணியும். ஆனால் அந்தக் காலி இடத்தில்தான் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். தோட்டா திரவத்துக்கு மேலே அந்த இடத்தில் பாய்ந்தால் கதை வெடிப்பு பக்கம் போகும்.

1996 ஜூலை 17 அன்று நியூயார்க்கிலிருந்து கிளம்பிய டி.டபிள்யூ.ஏ. 800 விமானம் வானில் உடைந்தது, 230 பேர் இறந்தார்கள். தோட்டா எதுவும் இல்லை. ஏறக்குறைய காலியாக இருந்த நடு டேங்கில் சூடேறிய எரிபொருள் ஆவி வெடித்தது என்பதுதான் விசாரணையின் முடிவு. விமான எரிபொருளான ஜெட் ஏ-1 தீப்பிடிக்கத் தேவையான ஆவியைக் கொடுக்கக் குறைந்தது 38 டிகிரி செல்சியஸ் வேண்டும் என்பது விதி. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தரையில் நிற்கும் விமானத்துக்கு அது ஒன்றும் பெரிய சூடு இல்லை.

பயணிகள் விமானத்தில் திரவத்தின் அடியால் டேங்க் கிழிந்தது உண்டா?

உண்டு. 2000 ஜூலை 25, பாரிஸ். ஒலியைவிட வேகமாகப் பறக்கும் பயணிகள் விமானமான கான்கார்டு ஒன்று, ஏர் பிரான்ஸுடையது, நியூயார்க்குக்குக் கிளம்புகிறது. டேங்குகள் நிரம்பியிருக்கின்றன. அதற்கு ஐந்து நிமிடம் முன்னால் ஓடுபாதையில் போன வேறொரு விமானத்திலிருந்து 43 செ.மீ. நீளமுள்ள ஒரு டைட்டானியத் தகட்டுத் துண்டு விழுந்து கிடக்கிறது. மணிக்கு 300 கி.மீ.க்கு மேல் ஓடிக்கொண்டிருந்த கான்கார்டின் ஒரு டயர் அதன் மேல் ஏறிக் கிழிகிறது. நாலரைக் கிலோ எடையுள்ள ரப்பர் துண்டு இடது ரெக்கையின் அடிப்பக்கத்தில் அறைகிறது.

பிறகு ஓடுபாதையில் விசாரணைக் குழுவுக்கு ரெக்கையின் அடித்தகட்டிலிருந்து வந்த ஒரு துண்டு கிடைத்தது. ஏறத்தாழ 30 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம். ஐந்தாம் எண் டேங்கின் அடிச்சுவர் அது. அதன் வெளிப்பக்கத்தில் எதுவும் மோதிய அடையாளமே இல்லை. உள்ளிருந்து வெளியே தள்ளப்பட்டு உடைந்திருந்தது. ரப்பர் பட்டது ஓர் இடம், பிய்ந்தது வேறோர் இடம். அறை வாங்கிய தகடு உள்ளே குழிந்தது, உள்ளே இருந்த எரிபொருள் ஒதுங்க இடமில்லாமல் அந்த அழுத்தத்தைப் பக்கத்துத் தகட்டின் மேல் கொண்டு போட்டது. டேங்கில் சிறு துண்டு ஒன்று நேராகத் துளைத்த ஓட்டையும் இருந்தது. அதன் அளவு வெறும் 1 செ.மீ.க்கு 4 செ.மீ. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துளைத்தது எது, உயிரைக் குடித்தது எது என்று தெரியும்.

கொட்டிய எரிபொருளில் தீ பிடித்தது. இரண்டு நிமிடத்துக்குள் விமானம் கோனேஸ் என்ற ஊரில் விழுந்தது. உள்ளே இருந்த 109 பேரும் தரையில் இருந்த 4 பேரும் இறந்தார்கள்.

இதில் என் மனதை உறுத்துவது, 1979 ஜூன் 14 அன்றே வாஷிங்டனில் ஒரு கான்கார்டின் டயர் வெடித்து, துண்டுகள் பட்டு டேங்குகளில் ஓட்டை விழுந்திருக்கிறது என்பது. அன்றைக்கு யாரும் சாகவில்லை. சக்கரத்திலும் டயரிலும் திருத்தம் செய்தார்கள். டேங்கின் உள்பக்கத்துக்குப் பாதுகாப்பு வந்தது 113 பேர் போன பிறகுதான். கெவ்லார் இழையும் ரப்பரும் கலந்த உள்ளுறை போட்டார்கள், எளிதில் பெரிய துண்டாகப் பிய்யாத புது டயர் மாட்டினார்கள். 2001 நவம்பரில் விமானம் மறுபடி பயணிகளோடு பறந்தது, 2003இல் ஓய்வு பெற்றது.

வேறு விபத்துகள்?

1985 ஆகஸ்ட் 22, மான்செஸ்டர். போயிங் 737 ஒன்றின் இடது இன்ஜினில் எரியறை வெடித்து, அதன் துண்டு ரெக்கை டேங்கின் ஆய்வு மூடியை உடைத்தது. அந்த மூடியின் மோதல் வலிமை சுற்றியிருந்த ரெக்கைத் தகட்டின் வலிமையில் கால்பங்குதான். 137 பேரில் 55 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் புகையால். மூடியும் தகடு அளவுக்குத் தாங்க வேண்டும் என்ற விதி அதற்குப் பிறகு வந்தது.

2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய குவாண்டாஸ் ஏ-380 விமானத்தில் இன்ஜின் தட்டு ஒன்று உடைந்து ரெக்கையைத் துளைத்துக்கொண்டு போனது. எரிபொருள் ஒழுகியது. இருந்தும் 469 பேரும் பத்திரமாகத் தரையிறங்கினார்கள்.

எரிபொருளை ஏன் ரெக்கையில் வைக்க வேண்டும்? வேறு இடமே இல்லையா?

பறக்கும்போது காற்று ரெக்கையை மேலே வளைக்கும், எரிபொருளின் எடை அதைக் கீழே அழுத்திச் சரிக்கட்டும். இடமும் மிச்சம். ரெக்கைக்குள் தனியாக டேங்க் என்று ஒன்று கிடையாது. ரெக்கைத் தகடுதான் டேங்கின் சுவர், சந்துகளில் அடைப்புப் பசை பூசியிருப்பார்கள். டேங்க் கிழிந்தால் ரெக்கையே கிழிந்தது என்று அர்த்தம். சுகோய்-30 உள்ளே மட்டும் 9 டன்னுக்கு மேல் எரிபொருள் சுமக்கிறது. உடம்பிலும் ரெக்கையிலுமாக அதைப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

இதைத் தடுக்க என்னவெல்லாம் செய்கிறார்கள்?

பழைய வழி, தானே அடைத்துக்கொள்ளும் டேங்க். இரண்டாம் உலகப் போரில் பரவலாக வந்தது. வெளியே பதப்படுத்திய ரப்பர், நடுவில் பதப்படுத்தாத இயற்கை ரப்பர். தோட்டா பாய்ந்து பெட்ரோல் பட்டதும் நடு ரப்பர் ஊதிப் பருத்து ஓட்டையை அடைக்கும். மோட்டார் சைக்கிள் பட்டறையில் பெட்ரோலில் விழுந்து ஊதிப்போன வாஷரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் இது ஒழுகலை நிறுத்தும், சுவர் பெரிதாகக் கிழிந்தால் ஒன்றும் செய்யாது. எடையும் அதிகம்.

அடுத்தது, டேங்குக்குள் வலை போன்ற பாலியூரித்தேன் நுரையை நிரப்புவது. வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்க விமானங்களில் வந்தது. மிகச் சிறிய இடத்தைத்தான் எடுத்துக்கொள்ளும், காலி இடத்தில் தீ பரவ விடாது. திரவத்தின் ஆட்டத்தையும் ஓரளவு அடக்கும்.

மூன்றாவது வழி காலி இடத்தில் நைட்ரஜனை நிரப்புவது. ஆக்சிஜன் 12 சதவீதத்துக்குக் கீழே போனால் பயணிகள் விமான டேங்கில் வெடிப்பு நடக்காது என்று கொள்கிறார்கள். ராணுவத்தில் 9 சதவீதம் என்று இன்னும் கறாராக வைப்பார்கள். டி.டபிள்யூ.ஏ. விபத்தின் விளைவாக அமெரிக்காவில் 2008இல் இதற்கு விதி வந்தது. சுவர் கிழிவதற்கு இது மருந்து இல்லை என்பதை மறக்கக் கூடாது.

சுவருக்கான மருந்து கட்டமைப்பில் இருக்கிறது. டேங்கைச் சின்ன அறைகளாகப் பிரித்தால் ஓர் அறை போனாலும் மற்றது நிற்கும். கிழிசல் ஓடிப் போய் நிற்க இடையிடையே தடித்த பட்டைகள் வைக்கலாம். சுவரை ஒட்டிக் காற்றோ நுரையோ அடைத்த மெல்லிய அடுக்கு இருந்தால் திரவம் முதலில் அதை அமுக்கும், சுவருக்கு நேரம் கிடைக்கும். பி.வி.சி. குழாய் விட்டுக் கொடுத்தது போலத்தான். என் கருத்தில், விமானம் கட்டுகிறவர்கள் ஓட்டையை அடைப்பதில் காட்டிய அக்கறையை இந்த விட்டுக்கொடுக்கும் சுவர் விஷயத்தில் இன்னும் அதிகமாகக் காட்டியிருக்க வேண்டும்.

கார்பன் இழை ரெக்கைகள் அலுமினியத்தைவிடத் தாங்குமா?

எடைக்கு எடை பார்த்தால் அவை வலுவானவை. ஆனால் இழைகள் ஓடும் திசையில்தான் அந்த வலு. அடுக்கின் மேல் அடுக்காக ஒட்டிய பொருள் அது. உள்ளிருந்து திரவம் தள்ளும்போது அடுக்குகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரியப் பார்க்கும். ரெக்கைத் தகடு உள்தூண்களோடு சேரும் மூட்டில் இந்தப் பிரிவு ஆரம்பித்தால் நீளமாக ஓடிவிடும். அலுமினியம் வளைந்து, நெளிந்து, ஆற்றலைத் தின்றுவிட்டுக் கிழியும். கார்பன் இழைக்கு அந்த நெளிவு கிடையாது. அதனால் மூட்டுகளைத் தைப்பது, போல்ட் போடுவது என்று தனியாக வேலை செய்கிறார்கள்.

சோதனை எப்படிச் செய்கிறார்கள்?

பெரும்பாலும் எரிபொருளுக்குப் பதில் தண்ணீரை வைத்து. கனமான சட்டத்தில் டேங்க், பக்கத்தில் தெளிவான அக்ரிலிக் ஜன்னல், உள்ளே அழுத்த உணரிகள், சுவர் எவ்வளவு நீள்கிறது என்று அளக்கும் திரிபு அளவிகள், வெளியே நொடிக்குப் பல்லாயிரம் படம் எடுக்கும் கேமரா. வாயுத் துப்பாக்கியால் உருண்டையை ஏவுவார்கள். இதோடு கணினியிலும் செய்து பார்ப்பார்கள். திரவமும் திடமும் ஒன்றை ஒன்று மாற்றிக்கொண்டே இருப்பதால் இரண்டையும் சேர்த்தே தீர்க்க வேண்டும், எளிய கணக்கு இல்லை. நம் நாட்டில் எறியியல் (தோட்டா, குண்டு பாயும் விதம் பற்றிய) சோதனைகளுக்கென்றே, ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் டி.பி.ஆர்.எல். ஆய்வகம் 1961 முதல் சண்டிகரில் இருக்கிறது.

விண்வெளியிலும் இந்தப் பிரச்சினை உண்டா?

உண்டு. அங்கே சில்லுகள் நொடிக்கு 10 கி.மீ. வேகத்தில் மோதும். உந்துபொருள் டேங்குக்கு வெளியே சற்றுத் தள்ளி ஒரு மெல்லிய தகடு வைத்து, வரும் துகளை அதிலேயே பொடியாக்குவது அங்கே வழி.

பனங்குடி சுத்திகரிப்பு ஆலைப் பக்கம் எண்ணெய் லாரிகள் போய் வந்தனவே. கல் தெறித்துப் பட்டால் இப்படி ஆகுமா? எங்கள் டிராக்டர் டேங்க்?

ஆகாது. சக்கரத்தில் தெறிக்கும் கல்லின் வேகம் நொடிக்கு ஒரு சில பத்து மீட்டர். ஆற்றல் வேகத்தின் இருமடியில் ஏறுவதால், நொடிக்கு 30 மீட்டர் போகும் கல்லுக்கும் 900 மீட்டர் போகும் அதே எடையுள்ள துண்டுக்கும் 900 மடங்கு வித்தியாசம். நசுங்கும், அவ்வளவுதான். டேங்கர் லாரிக்கு உண்மையான ஆபத்து கவிழ்வதும் மூடி கசிவதும்தான். கவிழ்ந்த லாரியில் எண்ணெய் பிடிக்கக் குடத்தோடு ஓடுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

காலி டீசல் பேரலை வெட்டித் தண்ணீர்த் தொட்டியாக்கலாமா? அது காலிதானே?

இந்தக் கேள்வி என்னிடம் வந்தது ஒரு வெல்டிங் பட்டறையில். இங்கே பதில் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் டெல்டாவில் யாரும் டேங்கைச் சுடப் போவதில்லை, பேரலை வெட்டுபவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். "சுத்தமா வடிச்சாச்சு, ஒரு சொட்டு இல்லை" என்பார்கள். பேரலின் மடிப்பில் ஒட்டிய ஒரு பிடி டீசல் போதும். காஸ் கட்டரின் சூட்டில் அது ஆவியாகி உள்ளே இருக்கும் காற்றோடு கலக்கும், அதே தீச்சுடர் பற்ற வைக்கும். மூடி பறந்து வெட்டுபவரின் மார்பிலோ முகத்திலோதான் படும்.

முடிந்தால் உளி வைத்து வெட்டுங்கள், அதுவும் நன்றாகக் கழுவிய பிறகு. தீ வைத்துத்தான் வெட்ட வேண்டுமென்றால் சோப்புத் தண்ணீர் விட்டுப் பல முறை கழுவி, இரண்டு மூடியையும் கழற்றிவிட்டு, வெட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்புங்கள். உள்ளே காலி இடம் குறையக் குறைய வெடிக்க ஆவிக்கு இடம் குறையும். பெட்ரோலோ தின்னரோ இருந்த பேரலைத் தீயால் தொடவே வேண்டாம். ரசாயனமோ பூச்சிமருந்தோ இருந்த பேரல் தண்ணீர்த் தொட்டிக்கு ஆகாது.

இதைப் படித்து வேலை செய்ய ஆசை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

இயந்திரவியலோ விமானவியலோ எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலும் ஐ.ஐ.டி.யிலும் விமானவியல் துறை இருக்கிறது. அங்கே இடம் கிடைக்கவில்லை என்றால் பக்கத்துக் கல்லூரியில் இயந்திரவியல் போதும். பாய்ம இயக்கவியல், பொருள்களின் வலிமை இரண்டையும் தனித்தனிப் பாடமாகப் பார்க்காமல் சேர்த்துப் படியுங்கள். இந்தத் துறையே அந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் இருக்கிறது.

முதல் பயிற்சிக்கு ஆய்வகம் தேவையில்லை. நான் மேலே சொன்ன எஃகு உருண்டைக் கணக்கை நீங்களே போடுங்கள். இழுவைக் கெழு (உருண்டையைத் திரவம் எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும் எண்) 0.3 என்று வைத்துக்கொண்டு, 30 செ.மீ.க்குப் பதில் 10, 20, 50 செ.மீ.க்கு மீதி வேகம் எவ்வளவு என்று வரைபடம் வரையுங்கள். தண்ணீருக்கு ஒரு கோடு, மண்ணெண்ணெய்க்கு ஒரு கோடு. ஆற்றலில் பெரும்பங்கு முதல் சில செ.மீ.யில் கொட்டுகிறதா, கடைசியில் கொட்டுகிறதா என்று அந்தக் கோடே சொல்லும். விடை சரியா என்று தெரியாவிட்டால் எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.